ஈரறிவு உயிருக்கு முதலிடமா?

தண்ணீர் வடிகட்டிய துணியை, அதில் சிக்கிய சிற்றுயிர்கள் பிழைக்கட்டும் என்று, அதே கிணற்று நீரிலேயே அலசிவிடுவாள் என் பாட்டி. தமிழ்ச் சமணக் குடும்பம் எங்களுடையது. எங்கள் கணக்கில் மட்டிக்குத் தொடுவுணர்வும் சுவையும்தான். மீனுக்கோ ஐந்து புலன். புலன் குறையக் குறைய, கொன்ற பாவமும் குறைவு என்பார்கள்.

அமெரிக்க ஆறுகளின் நன்னீர் மட்டிகள் இந்தக் கணக்கைக் குழப்புகின்றன. லாம்ப்சிலிஸ் பேரினத்துப் பெண் மட்டி, ஓட்டு விளிம்பில் தன் சதை மடிப்பைக் குட்டி மீன்போல ஆட்டும். அதில் கண் மாதிரி ஒரு கரும்புள்ளிகூட உண்டு. பாஸ் மீன் பாய்ந்து கவ்வியதும் மட்டியின் இளவுயிர்கள் அதன் செவுளில் தொற்றிக்கொண்டு வளரும். கண்ணில்லாதது கண்ணுள்ளதை ஏமாற்றுகிறது! அணை குறுக்கே வந்தால் மீன் வராது, மட்டியும் பெருகாது. 2023இல் 8 மட்டி இனங்கள் அற்றுப்போனதாக அமெரிக்க அரசு அறிவித்தது. மிஞ்சியவற்றைக் காக்க, வளர்ப்பு நிலையங்களில் மீன் செவுளில் இளவுயிர்களை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள்.

ஈரறிவுக்காக ஐந்தறிவை வருத்தலாமா? உயிர் அழியாது, வேறு உடலெடுக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அப்படியானால் ஓர் இனம் அற்றுப்போவது இழப்பே இல்லையா? எனக்கு ஒப்பவில்லை. அந்த உடல் இனி எந்த உயிருக்கும் கிடைக்காதே. மீனுக்குச் சில வாரத் தொந்தரவு, அதை ஏற்றுக்கொள்வேன். ஆனால் பயனற்ற பழைய அணைகளை அகற்றுவது அதற்கும் முந்திய வேலை.