கல்லில் இழைக்கும் இதயம்



கல்லை இதய வடிவாகச் செதுக்கித் தேய்த்து மெருகேற்றுதல் இந்நாளில் பலருக்கு ஓய்வுநேரக் கலையாக அமைந்துள்ளது. ஒருவர் ஆற்றங்கரைக் கூழாங்கல்லைப் பொறுக்கி வருகின்றார்; மற்றொருவர் மாக்கல் துண்டை விலைக்கு வாங்குகின்றார். உள்ளங்கையில் அடங்கும் சிறு இதயமாக அதனை இழைத்துத் தாய்க்கோ, துணைவிக்கோ, நண்பர்க்கோ அளிக்கின்றனர். குடியும் சூதும் விழுங்கும் மாலைப்பொழுதை இவ்வாறு கழிப்பது நற்செயலே. இதனை யாம் பாராட்டுகின்றோம். பாராட்டோடு ஒரு வினாவையும் இளைஞர்கள்முன் வைக்க விரும்புகின்றோம். கல்லிலிருந்து தேய்ந்துபோன பகுதி எங்கே போயிற்று? இவ்வினாவே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் வேலையின் முறையைக் காண்போம். ஒரு தாளை இரண்டாக மடித்துப் பாதி இதயத்தை வரைந்து வெட்டினால், இருபுறமும் ஒத்த வடிவம் கிடைக்கும். அதனைக் கல்லின்மேல் வைத்துக் கோடிட்டு, வேண்டாத மூலைகளை அறுத்து நீக்குவர். மேலே இரு வளைவுகள் சேரும் பிளவினை எலிவால் அரத்தால் குடைவர். கீழ்முனையை அளவுக்கு மீறி நீட்டினால் அது ஒடிந்துவிடும். பின்னர் உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் தொடங்கும். 120ஆம் எண்ணுடைய கரட்டுத் தாளில் தொடங்கி 220, 400, 800, 1500 எனப் படிப்படியாக நுண்மைக்குச் செல்வர். இறுதியில் மாக்கல்லாயின் தேன்மெழுகும், அகேட் போன்ற கடுங்கல்லாயின் சீரியம் ஆக்சைடு என்னும் பொடியும் மெருகு தரும்.

இவ்வேலையில் ஒரு விதி உண்டு. முந்திய தாள் இட்ட கீறல்கள் முற்றும் மறைந்த பின்னரே அடுத்த தாளை எடுத்தல் வேண்டும். பொறுமையிழந்து 120இலிருந்து 1500க்குத் தாவியவன், பளபளப்பின் நடுவே பழைய கீறலைக் காண்பான். மெருகு ஏற ஏற அக்கீறல் மறைவதில்லை. முன்னினும் தெளிவாகத் தெரிகின்றது. அதிலும் பிளவின் ஆழத்தில் விரல் எளிதிற் செல்லாது; ஆகலின் கீறல்கள் அங்கேயே ஒளிந்திருக்கும். பகவன் பொன் அரிப்பவனை உவமை காட்டி, முதலில் பெருமாசும், பின் நடுத்தர மாசும், அதன்பின் நுண்மாசும் நீக்கப்படுதல்போல மனமும் தூய்மையுறும் என உணர்த்திய உபதேசம் அங்குத்தர நிகாயத்தில் உள்ளது. கொலை, களவு முதலிய பெருமாசு கிடக்கத் தியானத்தின் நுண்மையை நாடுவோன், 120ஐ விட்டு 1500ஐ எடுத்தவனே ஆவான்.

ஆயினும் பொன் அரிப்பவன் நீக்கிய மண் ஆற்றோடு போகின்றது. கல் இழைப்பவன் நீக்கிய மண்ணோ காற்றில் ஏறுகின்றது. ஆகலின் நம் வினாவுக்கு வருவோம்.

கற்கள் யாவும் ஒருதன்மையன அல்ல. பிரெடரிக் மோஸ் என்னும் கனிமவியலார் 1812இல் வகுத்த கடினவரிசையில் மாக்கல்லின் முதற்பொருளாகிய டால்க் 1ஆம் இடத்தில் உள்ளது. சலவைக்கல்லின் கால்சைட் 3ஆம் இடத்தில் உள்ளது. வெங்கச்சங்கல் 7ஆம் இடத்தில் உள்ளது. அகேட்டும் சூதுபவளமும் வெங்கச்சங்கல்லின் இனத்தவை. அவை சிலிக்கா என்னும் பொருளால் ஆனவை. கருங்கல்லிலும் அது மிகுதியாக உண்டு. இவற்றை உலர்ந்த நிலையில் தேய்க்குங்கால் எழும் தூசியில் கண்ணுக்குப் புலப்படுவது பெருந்துகளே. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கும் சில பங்குகளுமான நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது. அதுவே நுரையீரலின் அடிவரை சென்று தங்கும். தங்கிய இடம் தழும்பாக இறுகும். அந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். இறுகிய தழும்பை மீண்டும் இளகச் செய்யும் மருந்து இல்லை. அந்நோயுற்றவரைக் காசநோயும் எளிதிற் பற்றும்.

குஜராத்தில் கம்பாத் என்னும் பழந்துறைமுக நகர் உண்டு. இரத்தன்பூர்ப் பகுதியில் வெட்டிய அகேட் கற்களை அங்கே மட்பாண்டத்திலிட்டுச் சூடேற்றிச் செந்நிறமாக்குவர். நிலத்தில் நட்ட இரும்புமுனையில் கல்லைச் சாய்த்து, கொம்பினாற் செய்த சுத்தியால் தட்டிச் செதுக்குவர். சுழலும் சாணைச் சக்கரத்தில் இழைப்பர். மணிகளும் பதக்கங்களும் சிறு இதயங்களும் அங்கிருந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன. வேலை பெரும்பாலும் குடிசைகளிலேயே நடைபெறும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தினர் அங்கு ஆய்வு நடத்தினர். சாணை பிடிப்போரிடத்தில் சிலிக்கோசிஸும் காசமும் காணப்பட்டன. சாணையைத் தொடாமல் அருகில் வாழ்ந்தோரையும் அத்தூசி விட்டுவைக்கவில்லை. அன்பின் அடையாளமென ஒருவர் கழுத்தில் தொங்கும் கல்லிதயம், மற்றொருவர் மார்பிலிருந்து மூச்சைப் பறித்து வந்ததாயிருக்கலாம் அன்றோ?

இது நமக்கு அயலார் கதையன்று. கோலார் தங்கவயலில் நம் பாட்டன்மார் வெட்டிய பொன், வெங்கச்சங்கல்லின் இடுக்கிலேயே இருந்தது. 3,000 மீட்டருக்கும் கீழே சென்ற அச்சுரங்கங்களில் துளைப்பும் வெடியும் எழுப்பிய தூசியை அவர்கள் உண்டனர். 1940களிலேயே அங்கு சிலிக்கோசிஸ் பரவியிருந்ததை மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் எங்கெங்கோ போய்விட்டது. இருமல் மட்டும் பல இல்லங்களில் தங்கிற்று. மாரிக்குப்பத்தில் சங்கம் கண்டு திரிசரணம் ஓதிய முன்னோரின் மூச்சு அத்தூசியினூடே வந்த மூச்சென்பதை நாம் மறத்தலாகாது. யாமும் பஞ்சாலையில் கார்டிங் பகுதியில் நின்றவர்களே. விடுமுறை கழிந்து திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததும் மார்பு இறுகும் அந்நோவை, அங்கு உழைத்தவர் நன்கறிவர். வெள்ளை நூலைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். அதன் தூசி எங்கே போயிற்றென்று கேட்டோர் சிலரே.

ஆகலின் இக்கலையைக் கைவிடுங்கள் என்கின்றோமா? இல்லை. தீங்கின்றிச் செய்யுங்கள் என்கின்றோம். முதற்சீலம் பிற உயிரை மட்டுமன்றி நம் உயிரையும் காக்கும். கடுங்கல்லை நாடாமல் மாக்கல்லை நாடுங்கள். 1898இல் பிப்ராவா தூபியில் கண்டெடுத்த, பகவனின் தாது வைத்த பேழைகளிற் பல மாக்கல்லால் ஆனவையே. மென்கல் இழிந்த கல்லன்று. ஆயினும் சில மாக்கல்லில் கல்நார் கலந்திருக்குமாகலின் அதனையும் உலர்ந்த நிலையில் தேய்க்கற்க. எக்கல்லாயினும் நீரில் நனைத்தே தேய்க்க. நீர்த்தாள் எனப்படும் உப்புத்தாள் அதற்கென்றே உள்ளது. மின்சக்கரமாயின் நீருக்கென அமைந்ததையே கொள்க. மற்றதில் நீர் ஊற்றினால் உயிருக்கே கேடு. வாயில் கட்டிய துணி நுண்தூசியைத் தடுக்காது. அதற்குரிய என்-95 முகவுறை வேண்டும். தேய்த்த சேறு உலருமுன் ஈரத்துணியால் துடைத்திடுக, துடைப்பத்தால் பெருக்கற்க. வேலைச் சட்டையை வீட்டினுள் உதறற்க. அதனைத் துவைப்பவள் உங்கள் தாய். குழந்தை உறங்கும் அறையில் இவ்வேலை வேண்டா. கடையில் கல்லிதயம் வாங்குவோர், இது எங்கே இழைக்கப்பட்டது, நீரிட்டு இழைத்தனரா என்று விற்பவனைக் கேளுங்கள். பலரும் கேட்பின், அவனும் தனக்கு விற்றவனைக் கேட்பான். நல்வாழ்க்கைத் தொழில் செய்பவனுக்கு மட்டும் உரிய அறமன்று, வாங்குபவனுக்கும் உரியதே.

இறுதியாக ஒன்று கூறுவோம். மனத்தைத் தேய்ப்போரிடத்தும் இவ்வினா எழும். உபோசத நாளில் விகாரையில் அமைதியாயிருந்து, வீடு திரும்பியதும் மனைவிமேல் எரிந்து விழுவோர் உளர். தம் அடக்கத்தைப் பெருமையாகக் கூறி, அடங்காதவனை இகழ்வோர் உளர். தம்மை மெருகேற்றிக்கொண்டு தூசியைப் பிறர்மேல் விடுத்தோர் இவர். கல்லைத் தேய்க்க நீர் வேண்டுமாப்போல, மனத்தைத் தேய்க்க மைத்திரி வேண்டும். மைத்திரியோடு நீக்கிய கோபம் அடுத்தவர்மேல் படியாது. உங்கள் இதயம் எவ்வளவு ஒளிர்கின்றதென்று கண்ணாடியைக் கேளாதீர்கள்; உங்களோடு ஒரே அறையில் வாழ்வோர் எளிதாய் மூச்சு விடுகின்றனரா என்று பாருங்கள்.

எல்லா உயிர்களும் தடையின்றி மூச்சு விட்டு, நோயின்றி வாழ்க!

சாது! சாது! சாது!