குண்டில்லாத பீரங்கி

ஒரு பொருள் எவரையும் கொல்லாது என்பது ஒன்றே அதனை வாங்கிக்கொள்வதற்குப் போதிய நியாயமாகுமா? இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்தமைக்கு ஒரு படமே காரணம். ஒரு முழ நீளமே உள்ள உலோகக் குழல்; இரு சிறு சக்கரங்கள்; பின்புறத்தே இழுப்பதற்கு ஒரு கயிறு. அமெரிக்காவில் பாய்ப்படகு வைத்திருப்போரும் ஏரிக்கரையில் வீடுடையோரும் பொழுதுபோக்கிற்காக வாங்கி வைத்துக்கொள்ளும் சைகைப் பீரங்கி அது. அதில் குண்டு இடுவதில்லை. வெடிமருந்து மட்டும் அடைத்த வெற்றுத் தோட்டாவைச் செருகிக் கயிற்றை இழுத்தால் தீயும் புகையும் பேரொலியும் வெளிப்படும், அவ்வளவே. ஐம்பது வயதைக் கடந்த நாமும் அப்படத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தோம் என்பதை மறைப்பானேன்? சிறிய பொருளொன்றில் பெரிய ஆற்றல் அடங்கிக் கிடப்பதைக் காண மனித மனம் மகிழவே செய்கின்றது.

வாங்க விரும்புவோர் முன்னே தெரிவுகள் பல உண்டு. குழலின் வாய் வழியே கரிமருந்தை இட்டுக் கெட்டிக்கும் பழைய முறை ஒன்று. பின்புறத்தைத் திறந்து தோட்டாவைச் செருகும் முறை மற்றொன்று. முன்னதில் ஒருமுறை வெடித்தபின் குழலுக்குள் கனல் எஞ்சியிருக்குமாயின், அடுத்து இடும் மருந்து இடுபவர் கையருகிலேயே பற்றிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் உள்ளே துடைத்தாக வேண்டும். பின்னதில் இவ்வபாயம் குறைவு. இரு வகையிலும் கரிமருந்தின் கசடு ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருவேற்றும். அன்றே கழுவாவிடில் பொருள் கெடும்.

வின்செஸ்டர் நிறுவனம் சென்ற நூற்றாண்டில் செய்து விற்ற சைகைப் பீரங்கி '10 கேஜ்' அளவினது. ஒரு ராத்தல் ஈயத்தைப் பத்துச் சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அதுவே அக்குழலின் வாயளவு; ஏறத்தாழ 19.7 மில்லிமீட்டர். குண்டே இடாத பீரங்கியும் குண்டின் கணக்கைக் கொண்டே அளக்கப்படுகின்றது! தன் பிறப்பை அது மறக்கவில்லை, வாங்குபவரும் மறத்தலாகாது.

இத்தகைய ஒலிக்கு ஒரு கண்ணியமான வரலாறும் உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோக் கோட்டையில் 1861 முதல் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி முழங்கி வருகின்றது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொள்வதற்காகவே அது ஏற்பட்டது. கடிகாரம் பிசகினால் கடலில் கப்பல் நிற்கும் தீர்க்கரேகைக் கணக்கும் பிசகும். கணக்குப் பிசகினால் பாறையில் மோதவும் நேரும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டரே செல்வதால், எந்தெந்த இடத்தில் எத்தனை வினாடி தாமதித்துக் கேட்கும் என்பதைக் காட்டும் வரைபடமும் அந்நாளிலேயே வெளியிடப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 1806 முதல் இவ்வழக்கம் உண்டு. இன்று அந்த நண்பகல் பீரங்கி முழங்கும் சிக்னல் ஹில் குன்றின் சரிவில்தான் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் போ-காப் பகுதி இருக்கின்றது.

பீரங்கியின் ஒலி நமக்கும் அந்நியமன்று. கெய்ரோவிலும் சராயேவோவிலும் ரமலான் மாலையில் நோன்பு திறக்கும் நேரத்தைப் பீரங்கி அறிவித்த செய்தியை நம் வாசகர் அறிவர். அரபியில் அதற்கு 'மித்ஃபஃ' என்று பெயர். தள்ளுதல், தடுத்தல் என்னும் பொருள் தரும் மூலத்திலிருந்து பிறந்த சொல் அது. தற்காப்பைக் குறிக்கும் 'திஃபாஃ' என்பதும் அதன் உடன்பிறப்பே. பகைவரைத் தள்ளப் பிறந்த கருவி, ஒரு நகரம் முழுவதும் பேரீச்சம்பழத்தைக் கையிலேந்திக் காத்திருக்கும் வேளையில், "உண்ணுங்கள்" என்று சொல்லும் நாவாகிவிட்டது. எத்தகைய மாற்றம்!

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எடின்பரோவிலும் கெய்ரோவிலும் அவ்வொலியைச் சைகையாக்கியது எது? மருந்தன்று, குழலன்று; காத்திருந்த செவி. கேட்க விரும்புவோர் இருந்தமையால் அது செய்தியாயிற்று. எவருமே காத்திராத இடத்தில் அதே ஒலி வெறும் அதிர்ச்சியே அன்றி வேறன்று. பாய்ப்படகுப் போட்டிகளின் விதியும் இதனையே உணர்த்துகின்றது. பந்தயத்தின் நேரம் கொடியைக் கொண்டே கணக்கிடப்படும்; வெடியொலி எழாமற் போனாலும் பொருட்படுத்தப்படாது. கொடியைப் பார்க்குமாறு தலைகளைத் திருப்புவது மட்டுமே வெடியின் வேலை.

அவ்வாறாயின், ஏரிக்கரை வீட்டில் ஒருவர் தம் மகிழ்ச்சிக்காக மட்டும் வெடிக்கும்போது யார் காத்திருக்கின்றனர்? அடுத்த வீட்டில் இப்போதுதான் உறங்கிய குழந்தை காத்திருக்கவில்லை. நோயாளி காத்திருக்கவில்லை. போர்க்களத்திலிருந்து மீண்ட முன்னாள் படைவீரரோ அவ்வொலியை மறப்பதற்கே ஆண்டுக்கணக்காய்ப் போராடிக்கொண்டிருக்கின்றார். அமெரிக்காவில் ஜூலை 4 ஆம் நாள் வாணவெடிகள் அத்தகையோர் பலரை வாட்டுவது யாவரும் அறிந்ததே. அவருடைய வீட்டு வாசலை நாம் மிதிக்கவில்லைதான். ஆனால் ஒலி வேலியை மதிப்பதில்லையே! அண்டை வீட்டாரின் ஹக்கு மதிற்சுவரோடு முடிந்துவிடுவதன்று.

"குண்டுதான் இல்லையே, தீங்கென்ன?" என்பர் சிலர். 1984 இல் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம், படப்பிடிப்பின் இடைவேளையில் வெற்றுத் தோட்டா இட்ட கைத்துப்பாக்கியை விளையாட்டாகத் தம் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். சில நாட்களில் உயிர் நீத்தார். குண்டில்லாத தோட்டாவும் அருகிலிருப்பவரைக் கொல்லும். சற்றுத் தள்ளி நிற்பவரின் செவியையும் அது விட்டுவைப்பதில்லை. கணப்பொழுதில் எழுந்தடங்கும் ஒலியும் 140 டெசிபலைத் தாண்டினால் செவிப்புலனுக்குக் கேடு என்பர் அறிஞர். ஆகவே "குண்டு இல்லை" என்பது குற்றமின்மைக்குச் சான்றாகாது. நம் நாவின் நிலையும் இதுவே அன்றோ? "நான் யாரையும் அடிக்கவில்லையே, உரக்கத்தானே பேசினேன்" என்று சொல்லிக்கொள்பவர் எத்தனை பேர்! லுக்மானுல் ஹகீம் தம் மைந்தருக்கு உரைத்த அறிவுரைகளில் குரலைத் தாழ்த்திக்கொள்ளுதலும் ஒன்றாக அமைந்தமை காரணமின்றியன்று.

இதனால் பொழுதுபோக்கு யாவுமே வீண்விரயம் என்று நாம் முடிவுகட்டவில்லை. தன் உழைப்பால் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைத் தூய மகிழ்ச்சிக்குச் செலவிடுதல் ஆகுமானதே. நன்கு கடைந்த உலோகத்தின் அழகை, பழைய கைவினையின் நுட்பத்தை, கடல்வழி வரலாற்றின் ஒரு துணுக்கைத் தன் மேசைமீது வைத்துக் காக்க விரும்புபவரை நாம் பழிப்பதற்கில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: விலையைக் கேட்பதற்குமுன் அவர் தம் நிய்யத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். பொருளின் அழகுக்காக வாங்குகின்றாரா, அல்லது தம் கை அசைந்தால் ஊர் திடுக்கிடும் என்னும் இன்பத்துக்காக வாங்குகின்றாரா? முன்னது ரசனை, பின்னது பெருமையின் ஒரு வகை. கடைக்காரர் இரண்டையும் ஒரே விலைக்குத்தான் விற்பார்; வேறுபாட்டை வாங்குபவரே அறிவார்.

ரசனைக்காக வாங்குபவருக்குத் தெரிவு எளிது. பெரிய வாயினும் சிறிய வாயே அவருக்குப் போதும். வெடிக்கும் நாளை முன்கூட்டியே அண்டை வீட்டாருக்குச் சொல்லி அவர்தம் இசைவைப் பெறுவார். குழலின் முன்னே எவரையும் நிற்க விடமாட்டார். தம் செவியையும் பிறர் செவியையும் காப்பார். அண்டையிலுள்ள சிறுவர்கள் கதிரவன் மறையும் நேரத்தை எண்ணிக்கொண்டு வேலியோரம் வந்து கூடுவார்களாயின், அன்று அந்தச் சிறு பீரங்கிக்கும் காத்திருக்கும் செவிகள் கிடைத்துவிட்டன. அது மீண்டும் சைகையாகிவிட்டது. அத்தகைய செவி ஒன்றேனும் இல்லாத நாட்களில் அது மேசைமீது பளபளத்துக்கொண்டு சும்மா இருக்கட்டும். கப்பல்களுக்கெல்லாம் நேரம் சொன்ன எடின்பரோப் பீரங்கிகூட ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறப்பதில்லை.