பற்றின்மைக்கு உரைகல் எது?

இல்லறத்தில் இருந்துகொண்டே ஒருவன் பற்றற்றவனாக வாழ முடியுமா என்னும் கேள்வி நம் நாட்டில் மிகப் பழமையானது. முடியும் என்பதற்கு மிதிலையை ஆண்ட ஜனகனை உதாரணம் காட்டுவோர் உண்டு; அரசாட்சியும் ஆத்மஞானமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற ஜனகன் கோடியில் ஒருவன், மற்றவர்களுக்குக் காஷாயமே கதி என்று வாதிப்போரும் உண்டு. இந்த விவாதத்தில் இரு சாராரும் கேளாமலே விட்டுவிடுகிற கேள்வி ஒன்று இருப்பதாக எனக்கு நெடுநாளாகவே ஒரு குறை. ஒருவன் பற்றற்றவன் என்பதை நாம் எதைக்கொண்டு அறிவது? அவனே சொல்லிக்கொள்வதைக் கொண்டா, அவன் உடுத்தும் உடையைக் கொண்டா, அன்றி இவற்றினும் நம்பத்தக்க பிரமாணம் வேறு ஏதேனும் உண்டா? இதற்கு ஒரு விடையை நான் கண்டுகொண்டது, பழைய பென்ஸ் கார் ஒன்றின் எஞ்சின் மவுண்டிங்கைக் கழற்றி மாற்றுவதை அருகே நின்று பார்த்தபோதுதான். பெரிய தத்துவ விசாரத்துக்கு இது மிகச் சிறிய பொருள் என்று வாசகர் தள்ளிவிடாமல் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும்.

டபிள்யூ 124 என்னும் குறியீட்டால் அறியப்படும் அந்தக் காரை மெர்ஸிடிஸ்-பென்ஸ் கம்பெனியார் ஜெர்மனியில் 1984-இல் வெளியிட்டார்கள். 1995 முதல் புணேயில், டெல்கோ தொழிற்சாலையிலேயே அது பூட்டப்பட்டு நம் தேசத்துச் சாலைகளிலும் ஓடத் தொடங்கிற்று. இன்றும் சிலர் அதை விற்க மனமின்றிப் பேணி வருகிறார்கள். அதன் எஞ்சின் காரின் உடலோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருப்பதில்லை. இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு மவுண்டிங்குகளின் மேல் அது அமர்ந்திருக்கிறது; பின்னால் கியர் பாக்ஸுக்கு அடியில் இன்னொன்று. இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை உருக்கிப் பிடிப்பித்த, கையில் அடங்கக்கூடிய பொருள்கள் இவை. ஓர் ஆளால் தூக்க இயலாத பாரத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்துகொண்டு, யார் கண்ணிலும் படாமல் இருட்டில் கிடக்கின்றன.

அவற்றுக்கு இடப்பட்டிருக்கும் பணியை ஊன்றி நோக்கினால், அது ஒன்றோடொன்று முரண்பட்ட இரண்டு பணிகள் என்பது விளங்கும். எஞ்சினை இறுகப் பற்றிக்கொள்ளவும் வேண்டும். அதே சமயத்தில் எஞ்சினுக்கும் காரின் உடலுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் பிரித்து வைக்கவும் வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிஷத்துக்கு 750 சுற்று வீதம் ஐடிலிங்கில் ஓடும்போது, ஒரு விநாடிக்கு 25 முறை அதனுள்ளே பெட்ரோல் பற்றி எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அவ்வளவு நெருப்பும் உதறலும் இரண்டு முழத் தொலைவில் நடந்துகொண்டிருக்க, சிக்னலில் நிற்கும் கார்க்காரர் ஸ்டீயரிங்கின் மேல் கை வைத்தபடி எஞ்சின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று ஐயுறும் அளவுக்கு உள்ளே நிசப்தம் நிலவுகிறது. விலை உயர்ந்த கார் என்று நாம் மதிப்பதில் பெரும் பகுதி இந்த நிசப்தமே. அந்த நிசப்தம் எஞ்சினின் குணம் அன்று. இடையில் இருந்துகொண்டு அதிர்வை வாங்கிக்கொள்கிற ஒன்றின் உபகாரம்.

கடோபநிஷத்தில் வரும் ரத உருவகத்தை நம்மவர் எல்லோரும் அறிவர். உடலே ரதம், ஆத்மாவே ரதத்துக்கு உரியவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள் என்று அது விரிகிறது. குதிரையைத் தேருக்கு வெளியே, நுகத்தடிக்கு முன்னால் பூட்டிய காலத்து உருவகம் அது. இக்காலத்திலோ குதிரைகளின் சக்தி முழுவதும் ரதத்தின் வயிற்றுக்குள்ளேயே வந்து புகுந்துவிட்டது. அதனால், சக்திக்கும் சவாரிக்கும் நடுவே என்ன இருக்கிறது என்னும் கேள்வி புதிதாகப் பிறந்துவிட்டது.

மோட்டார் வண்டிகளின் பழைய நாட்களில் அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்கவில்லை. எஞ்சினைச் சட்டத்தோடு முறுக்கிவிட்டார்கள், எஞ்சின் நடுங்கியபோதெல்லாம் வண்டியும் வண்டியில் இருந்தவர்களும் சேர்ந்து நடுங்கினார்கள். 1931-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் தங்கள் பிளிமத் காரில் இதற்கு ஒரு பரிகாரம் செய்தார்கள். எஞ்சினின் ஆட்டத்தை அடக்க முயல்வதை விட்டுவிட்டு, அது சுபாவமாக எந்த அச்சைச் சுற்றி ஆட விரும்புகிறதோ அந்த அச்சிலேயே அதை ரப்பரில் ஏந்தி ஆடவிட்டார்கள். பிரான்ஸ் தேசத்து சித்ரோயன் கம்பெனியார் அந்த உரிமையை விலைக்கு வாங்கித் தங்கள் கார்களில் அமைத்தபோது, அதற்கு அடையாளமாக வண்டியின் முகப்பில் நீரில் மிதக்கும் அன்னத்தைப் பொறித்தார்கள். பாரிஸ் நகரத்து வியாபாரிகளுக்கு நம் மரபு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் துறவின் உச்சத்தை எய்தியவரைப் பரமஹம்சர் என்று அன்னத்தின் பெயராலேயே அழைக்கும் நாட்டில் பிறந்த எனக்கு, அந்தச் சின்னத்தைப் படத்தில் கண்டபோது மெய் சிலிர்த்தது.

அக்காலத்து மவுண்டிங் வெறும் ரப்பர். 1980-களில் உயர்தரக் கார்களில் பரவிய, திரவம் நிரப்பிய மவுண்டிங்கின் உள்ளமைப்பு அதனினும் நுட்பமானது. என் கேள்விக்கு நெருங்கியதும் அதுவே. ரப்பருக்கு உட்புறம் மேலும் கீழுமாக இரண்டு அறைகள். இரண்டிலும் கிளைக்கால் என்னும் ரசாயனம் கலந்த திரவம். நடுவே ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பின் ஓரமாகச் சுற்றிச் செல்லும் குறுகலான வாய்க்கால் ஒன்று. மத்தியில், சிறிதளவே அசைய இடம் உள்ள மெல்லிய சவ்வு ஒன்று. ஐடிலிங்கின்போது எழும் நுண்ணிய, வேகமான அதிர்வு வருகையில் சவ்வு தானே மெல்ல அசைந்து அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது. திரவம் இருந்த இடத்தைவிட்டு நகர வேண்டிய அவசியமே நேர்வதில்லை. ஆனால் சாலையில் பெரும் பள்ளம் வந்து எஞ்சினின் பாரம் முழுவதும் எழும்பி விழும்போது, சவ்வு தன் எல்லையில் முட்டி நின்றுவிடுகிறது; திரவம் வேறு வழியின்றிக் குறுகிய வாய்க்காலில் பிதுங்கிப் பாய்ந்து, அந்தப் பிரயத்தனத்திலேயே ஆட்டத்தின் வேகத்தைத் தணிக்கிறது. ஆக, சிறியதற்கு நெகிழ்ந்து கொடுப்பதும் பெரியதற்கு உறுதியாக நிற்பதும் ஆகிய இரண்டும் ஒரே பொருளிடத்தில், யாரும் ஏவாமலே நிகழ்கின்றன.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ஜுனன், நிலைத்த அறிவுடையவன் எப்படிப் பேசுவான், எப்படி அமர்வான், எப்படி நடப்பான் என்று கேட்கிறான். அதற்குப் பகவான் அளிக்கும் விடையைப் படித்த நம்மில் பலர், ஸ்திதப்பிரக்ஞன் என்றால் எல்லாவற்றையும் ஒரே மாதிரியாகப் பாவிப்பவன், பால் பொங்கி வழிந்தாலும் பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பவன் என்று எண்ணிக்கொண்டோம். இது பெரும் பிழை என்பது என் திடமான கருத்து. எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக நெகிழ்கிற ரப்பர் எஞ்சினைத் தாங்காது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக விறைத்து நிற்கிற ரப்பர் காரைக் காக்காது. சமத்துவம் என்பது விவேகத்தோடு கூடியது. குழந்தை பாத்திரத்தைப் போட்டு உடைப்பதும் மருமகள் ஒரு சொல் அதிகம் பேசுவதும் சவ்வோடு போகவேண்டிய அதிர்வுகள்; மகன் லஞ்சம் வாங்கி வருவது, முழு பலத்தோடு எதிர்த்து நிற்க வேண்டிய பள்ளம். முன்னதற்கு வீட்டைக் கலக்கிவிட்டுப் பின்னதற்கு மௌனம் சாதிக்கிறவன் எத்தனை முறை கீதை பாராயணம் செய்தாலும் அர்ஜுனனின் கேள்விக்கு விடை ஆகமாட்டான்.

இனி, இந்த மவுண்டிங் இற்றுப்போகும் கதைக்கு வருகிறேன். நான் பார்த்த அந்த வண்டி, சிக்னலில் நிற்கும்போது உள்ளே கண்ணாடிகள் கிலுகிலுக்கும்படி உதறியது. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள், இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார்கள், உதறல் நிற்கவில்லை. கடைசியில் சென்னையில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்து, ஃபேன் தன் கூட்டின் கீழ் விளிம்பை உரசிய தழும்பைக் காட்டி, “எஞ்சின்மேல தப்பு இல்ல சார், மவுண்டிங் உக்காந்துபோச்சு” என்றார். ஆயில் சம்ப்புக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் எஞ்சினை மெல்லத் தாங்கிப் பிடித்து, மேல் போல்ட்டை மேலிருந்தும் கீழ் போல்ட்டைக் காருக்கு அடியில் படுத்தும் கழற்றி, இன்னும் சற்று உயர்த்திப் பழையதை வெளியே எடுத்தார். புதியதன் பக்கத்தில் நிறுத்தியபோது பழையது ஒரு விரற்கிடை குள்ளமாக இருந்தது. ஒரு பக்கம் திரவம் கசிந்து காய்ந்த கறை. மறுபக்கம் மேலிருந்து சொட்டிய எஞ்சின் ஆயிலில் ஊறி ரப்பர் உப்பிப் பிசுபிசுத்திருந்தது. “மேல லீக்கை நிறுத்தாம புதுசு போட்டா, ஆத்துல போட்ட காசுதான்” என்று சொல்லி, முதலில் வால்வு கவர் கேஸ்கட்டை மாற்றினார். ஒரு பக்கம் மட்டும் போதுமே என்று உரிமையாளர் கேட்டதற்கு அவர் இணங்கவில்லை. புதியதும் பழையதும் ஜோடி சேர்ந்தால் பாரம் கோணலாகி இரண்டுமே கெடும் என்பது அவர் வாதம். புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது மலிவாகக் கிடைக்குமே என்றதற்கும் அவர் தலையசைக்கவில்லை. ஓடாத வண்டியிலும் ரப்பருக்கு வயது ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

கழற்றிய அந்த ஜோடியில் மற்றொன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அது அமுங்கிப் போகவில்லை. வெளிப்பார்வைக்கு முழுமையாகவே இருந்தது. ஆனால் நகத்தால் அழுத்தியபோது கல்லைப்போல் இருந்தது. ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் ரப்பர் நெகிழ்ச்சியை இழந்து இறுகிப்போயிருந்தது. நெகிழாத அந்த ரப்பர், எஞ்சினிடமிருந்து பெற்ற அதிர்வு அனைத்தையும் அப்படியே காருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

“எனக்கு இப்போதெல்லாம் எதுவும் உறைப்பதில்லை, எல்லாம் பார்த்தாகிவிட்டது” என்று சொல்லும் முதியவர்களை நாம் அறிவோம். அவர்களில் சிலர் மெய்யாகவே கனிந்தவர்கள். சிலரோ இறுகிப்போனவர்கள், இறுக்கத்தையே வைராக்கியம் என்று தாமும் நம்பி, பிறரையும் நம்பவைத்திருப்பவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவர், இருவரும் அசைவதில்லை. அவர்களைச் சோதித்தால் வித்தியாசம் தெரியாது. அவர்களைச் சுற்றி வாழ்பவர்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். அசையாத மனிதர் ஒருவர் இருக்கும் வீட்டில் மனைவியும் மக்களும் எந்நேரமும் நடுங்கிக்கொண்டிருந்தால், அங்கே இருப்பது பற்றின்மை அன்று. ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்று பார்த்துத்தான் மவுண்டிங்கின் நிலையை அறிகிறார்கள். மவுண்டிங்கைக் கேட்டு எவரும் அறிவதில்லை. பற்றின்மைக்கு உரைகல் ஒருவனது சொந்த மனத்தின் சாந்தி அன்று, அவனைச் சார்ந்தவர்களின் சாந்தியே என்று நான் துணிந்தது அப்போதுதான்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை நேராகச் சந்திக்காமல் நழுவுவது நேர்மை ஆகாது. வீட்டைத் துறந்து போன மகான்களின் கதி என்ன? கபிலவாஸ்துவில் யசோதரை அழுதாளே, அதனால் சித்தார்த்தரின் துறவு பொய்யாகுமா? பெற்றவர்கள் கதறக் கதறப் புறப்பட்டுப்போனவர்களை என் உரைகல்லில் தேய்த்தால் அவர்கள் மாற்றுக் குறைந்தவர்கள் ஆகிவிடுவார்களே என்று கேட்கலாம். பிரிவு நேர்ந்த கணத்தில் வீடு நடுங்கியது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஒரு கணத்தோடு கணக்கை முடித்துவிடவும் கூடாது. புத்தர் கபிலவாஸ்துவுக்குத் திரும்பி வந்தார். ராகுலனைத் தம் சங்கத்தில் ஏற்றுக்கொண்டார். சந்நியாசிக்குக் கர்மாக்கள் இல்லை என்ற விதி இருந்தும் ஆதிசங்கரர் காலடிக்கு வந்து தாய்க்கு அந்திமக் கிரியை செய்தார் என்று அவர் சரித்திரம் கூறுகிறது. எல்லாம் துறந்த பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைக்க வந்து சேர்ந்த கதையை அறியாத தமிழர் இல்லை. மெய்யாகத் துறந்தவர்கள் பாரத்தைக் கீழே போட்டுவிடவில்லை. வேறொரு விதமாக ஏந்திக்கொண்டார்கள்.

நம் காலத்துக்கு மிக அருகில் வாழ்ந்த ரமண மகரிஷியின் வரலாறு இதற்கு யாவரும் அறிந்த சாட்சி. 1896-இல் மதுரையை விட்டு யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குப் போனவர், அன்னை அழகம்மாள் தேடிக் கண்டுபிடித்து வந்து கண்ணீரோடு அழைத்தும் திரும்பவில்லை. பிற்காலத்தில் அந்த அன்னை மகனிடமே வந்து தங்கி, மலைமேல் அவரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். 1922-ஆம் ஆண்டு மே மாதம் அன்னையின் இறுதி நாளில், ரமணர் ஒரு கையை அவர் மார்பின் மீதும் மற்றொரு கையைத் தலையின் மீதும் வைத்தபடி, மூச்சு அடங்கும்வரை மணிக்கணக்காக அருகிலேயே அமர்ந்திருந்தார். மலையடிவாரத்தில் அன்னையை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றுள்ள ரமணாசிரமம் வளர்ந்தது.