வில்லை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் புளி வாசம் அடிக்கும். அம்மா கொட்டைப்பாக்கு அளவு புளியை ஊறவைத்து, அடுப்புச் சாம்பலோடு குழைத்து, அப்பாவின் பித்தளை வில்லையைத் தேய்ப்பாள். உள்ளங்கை அளவு இருக்கும் அது. நடுவில் கோபுர முத்திரை. சுற்றிலும் அலுவலகத்தின் பெயர். எழுத்துகளின் இடுக்கில் கறுத்துக் கிடக்கும் அழுக்கைத் துடைப்பக் குச்சியால் சுரண்டி எடுப்பாள். கழுவித் துணியால் ஒற்றி அந்தி வெயிலில் பிடித்தால், பித்தளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மாவின் தாலிக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டில் அவ்வளவு மின்னிய பொருள் வேறு கிடையாது.

அப்பா தென் மாவட்டம் ஒன்றின் ஆட்சியர் அலுவலகத்தில் தபேதார். வெள்ளை உடுப்பு, தலைப்பாகை, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே இறங்கும் சிவப்புப் பட்டை, அதில் பதித்த வில்லை. அந்தப் பட்டைக்குத்தான் டவாலி என்று பெயர். நாளடைவில் அதை அணிந்தவரையே ஊர் டவாலி என்று கூப்பிட்டது. அதற்கும் முந்தைய தலைமுறை வில்லைச் சேவகன் என்றது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்க, மார்பில் கிடந்த பொருளே ஆளின் பெயராகிவிட்டது.

எனக்குப் பத்து வயது. கோடை விடுமுறை. மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை, மனுக் கொடுக்கும் நாள். வராந்தா முழுக்க ஜனம். மனுவைச் சுருட்டி மடியில் செருகியிருந்த ஒரு மூதாட்டி, அப்பாவைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காலில் விழப்போனார்.

“சாமி, நீங்கதான் பாத்துச் செய்யணும்.”

அப்பா சட்டென்று குனிந்து அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். “ஆத்தா, நான் கலெக்டர் இல்ல. அவுக உள்ள இருக்காக. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.”

கதவு திறந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே அரைக்கைச் சட்டை போட்ட ஓர் இளைஞர் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் உடம்பில் மின்னும் பொருள் என்று இருந்தது கைக்கடிகாரம் ஒன்றுதான். அந்தக் கட்டடத்திலேயே அதிகம் ஜொலித்தவர் என் அப்பா. ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போட அதிகாரமில்லாதவரும் அவரே. அந்த ஜொலிப்பு அவருடையதல்ல, அவருக்குப் பின்னால் இருந்த நாற்காலியுடையது என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒரு கேள்வி அன்று என்னைப் பிடித்துக்கொண்டது. வில்லை யாருக்காக?

பதவியை உடம்பில் அணிவது நம்மிடம் பழைய வழக்கம். படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும், வணிகனுக்கு எட்டிப் பட்டமும் பொற்பூவும், காவிதிப் பட்டம் பெற்றவர்களுக்கு அதற்குரிய பூவும் அரசன் கொடுத்த செய்திகளைப் பழைய நூல்களிலும் அவற்றின் உரைகளிலும் காண்கிறோம். பாடிவந்த பாணனுக்கும் அரசன் பொன்னால் செய்த தாமரையைச் சூட்டினான். எல்லாம் பொன்தான். ஆனாலும் பாணனின் தாமரையும் ஏனாதியின் மோதிரமும் ஒன்றல்ல. தாமரை பரிசு. பாடி முடித்த பாட்டுக்கு வந்தது. பாணன் அதை விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாலும் கேட்பாரில்லை. மோதிரம் பொறுப்பு. இனி நடத்தப்போகும் படைக்காக வந்தது. களத்தில் பின்வாங்கினால் அந்த விரலே அவனைக் காட்டிக்கொடுக்கும். பரிசை அனுபவிக்கலாம். பொறுப்பைச் சுமக்கத்தான் வேண்டும். பொறுப்புக்காகக் கொடுத்த பொன்னைத் தனக்கு வந்த பரிசு என்று ஒருவர் எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் எல்லாக் கேடும் ஆரம்பமாகிறது.

அந்தக் கேடு எதுவரை போகும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு ஜெர்மனி சாட்சி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல், நாஜிக் கட்சியின் முதல் ஒரு லட்சம் உறுப்பினர் எண்களுக்குள் சேர்ந்து, விலகாமல் இருந்தவர்களுக்கென்று தங்க வில்லை ஒன்று உண்டாக்கப்பட்டது. எட்டு ஆண்டு கழித்து, 1941 செப்டம்பரில், அதே அரசு இன்னொரு சின்னத்தை அணியச் சொன்னது. ஆறு வயது நிறைந்த யூதர் ஒவ்வொருவரும் துணியில் வெட்டிய மஞ்சள் நட்சத்திரத்தை இடப்பக்க மார்பில் தைத்துக்கொண்டுதான் வெளியே வரலாம். ஒரே தெருவில் ஒரு மார்பில் தங்க மஞ்சள், ஒரு மார்பில் துணி மஞ்சள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்காதே, மார்பைப் பார் என்று ஊருக்குக் கற்றுக்கொடுத்தன. முகத்தைப் பார்க்க மறந்த ஊரில் பிறகு என்ன நடந்தது என்பதை உலகம் அறியும்.

அந்தக் காலத்தைச் சேர்ந்த இன்னொரு நிகழ்ச்சி என் மனதைவிட்டு அகலுவதில்லை. இயற்பியலுக்கு நோபெல் பரிசு பெற்ற ஜெர்மானியர்களான மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் ஆகிய இருவரின் தங்கப் பதக்கங்கள் பாதுகாப்புக்காகக் கோபன்ஹேகனில் இயற்பியல் அறிஞர் நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் இருந்தன. தங்கத்தை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது ஜெர்மனியில் அப்போது பெரிய குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருந்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. பதக்கங்கள் சிக்கினால் அந்தப் பெயர்களே எமனாகிவிடும். அங்கே பணியாற்றிய ஹெவெசி என்ற வேதியியல் அறிஞர் இரண்டு பதக்கங்களையும் இராஜ திராவகத்தில் கரைத்தார். தங்கம் லேசில் கரையாது. மெல்ல மெல்லக் கரைந்து திராவகத்தோடு கலந்தது. சோதனை போட வந்தவர்கள் அலமாரியில் நின்ற அந்தப் புட்டியைக் கண்டுகொள்ளவில்லை. போர் முடிந்ததும் தங்கம் பிரித்தெடுக்கப்பட்டு ஸ்டாக்ஹோமுக்குப் போயிற்று. நோபெல் அறக்கட்டளை அதே தங்கத்தில் பதக்கங்களைப் புதிதாக வார்த்துத் திருப்பிக் கொடுத்தது.

புட்டிக்குள் கிடந்த அந்த ஆண்டுகளில் அவை பதக்கங்களா? முத்திரை இல்லை, பெயர் இல்லை, மினுக்கமும் இல்லை. ஆனால் லாவே கண்டறிந்ததில் ஓர் இம்மி குறைந்துவிட்டதா? ஃபிராங்க் செய்த சோதனை பொய்த்துவிட்டதா? கரைந்தது உலோகம்தான். எதற்காக அது கொடுக்கப்பட்டதோ அந்த வேலை கரையவில்லை. நாம் அணியும் ஒவ்வொரு சின்னத்துக்கும் இதை உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இன்றே இதைத் திராவகத்தில் போட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்? எதுவுமே மிஞ்சாது என்றால், நாம் வில்லையை அணிந்திருக்கவில்லை. வில்லை நம்மை அணிந்திருக்கிறது.

வில்லை என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. பள்ளிக்கூடத்து இயற்பியல் பாடத்தில் குவிவில்லை, குழிவில்லை என்று படித்திருப்போம். ஒன்று பொருளைப் பெரிதாக்கிக் காட்டும். மற்றொன்று சிறிதாக்கிக் காட்டும். மார்பில் கிடக்கும் வில்லைக்கும் அந்தக் குணம் உண்டு. வெளியே நிற்பவர் அதன் வழியே பார்த்தால் அணிந்தவர் பெரிதாகத் தெரிகிறார். அணிந்தவர் அதன் வழியே பார்த்தால் வெளியே நிற்பவர் சிறுத்துப்போகிறார். காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் சாதாரண மனிதர்கள் பேச்சுத் தடுமாறுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! வீட்டில் கணீரென்று பேசுகிறவர் அங்கே கைகட்டி நிற்கிறார். அவரைக் குறுக்கியது எதிரே இருந்த ஆள்கூட இல்லை. இருவருக்கும் நடுவே இருந்த வில்லை.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருக்கக் கூடும். ரயிலடியில் சுமை தூக்குகிறவரின் கையில் கட்டிய பித்தளை வில்லையில் எண் இருக்கும். பஸ் கண்டக்டரின் பேட்ஜுக்கு எண் உண்டு. ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் அப்படித்தான். தவறு நடந்தால் இன்ன எண் ஆள் என்று புகார் எழுதலாம். மேலே போகப் போக எண் மறைந்து நட்சத்திரம் வருகிறது. காவல்துறையில் சார் ஆய்வாளருக்குத் தோளில் இரண்டு நட்சத்திரம், ஆய்வாளருக்கு மூன்று. கண்காணிப்பாளருக்கு நட்சத்திரத்தோடு அசோகச் சிங்கமும் வந்துவிடும். கீழே உள்ளவரின் சின்னம் ‘என்னைக் கேள்வி கேட்கலாம்’ என்கிறது. மேலே உள்ளவரின் சின்னத்தை ‘எனக்கு வணக்கம் வை’ என்று நாம் படித்துப் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கத்தை மாற்றச் சட்டமே வர வேண்டியிருந்தது. காவலில் நேர்ந்த மரணங்களைப் பற்றி டி.கே. பாசு என்பவர் 1986இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அது வழக்காக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய பதினொரு நெறிகளை நீதிமன்றம் வகுத்தது. அவற்றில் முதலாவது எது தெரியுமா? கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி வில்லை அணிந்திருக்க வேண்டும் என்பதே. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவும் கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. எத்தனையோ உயிர்கள் போன பிறகு இந்த நாடு கண்டெடுத்த முதல் மருந்து ஒரு சிறிய பெயர்ப் பட்டை. பெயர் தெரிந்தால் கை சற்றுத் தயங்கும். பெயரை மறைத்த கைக்குத் தயக்கம் கிடையாது.

அதிகாரிகளின் தோளில் இருக்கும் அசோகச் சிங்கமும் அதிகாரத்தைக் காட்டப் பிறந்ததல்ல. சாரநாத்தில் ஏறத்தாழ 2,250 ஆண்டுகளுக்கு முன் நின்ற தூணின் தலை அது. போரில் வென்ற மண்ணில் நட்ட வெற்றித்தூண் அல்ல. புத்தர் முதல் உபதேசம் செய்த இடத்தில் நட்ட தூண். சிங்கங்களின் காலடியில் இருப்பது அறச் சக்கரம். 1950 ஜனவரி 26ஆம் நாள் அதை நாட்டின் சின்னமாக ஏற்றபோது, கீழே வாய்மையே வெல்லும் என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் வைத்தோம். எதிரே நிற்பவரை மிரட்டுவதற்காக அந்தச் சிங்கத்தை யாரும் நமக்குத் தரவில்லை. அதைத் தோளில் வைத்துக்கொண்டு பொய் வழக்குப் போடுகிறவர் அணிந்திருப்பது வெறும் உலோகம்.

சின்னத்தைத் தாமே இறக்கி வைத்தவர்களையும் சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சந்துரு, தமக்கு முன்னால் டவாலி செங்கோல் ஏந்தி நடப்பது வேண்டாம் என்றார். காரில் சிவப்பு விளக்கும் வேண்டாம் என்றார். அவர் நீதிபதி இல்லை என்று அதனால் யாரும் நினைக்கவில்லை. 2017 மே முதல் நாளிலிருந்து அமைச்சர்களின் கார்களிலிருந்தும் சிவப்பு விளக்கு இறங்கியது. விளக்கு இறங்கியதால் எந்த அரசுப் பணியும் நின்றுபோகவில்லை.

அப்பாவுக்கு இவ்வளவு யோசனை எல்லாம் கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அலுவலகம் முடிந்ததும் டவாலியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவார். ஒருமுறை தங்கைக்குக் கடும் காய்ச்சல். மருத்துவமனையில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. “அந்த வில்லையை மாட்டிக்கிட்டுப் போய்ச் சொல்லுங்களேன், உடனே பாப்பாங்க” என்றாள் அம்மா. அப்பா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையிலேயே நின்றார். “அது ஆபீஸ் சாமான்” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று எனக்கு அவர்மேல் கோபம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒருத்தியின் இடுப்பிலும் காய்ச்சல் கண்ட பிள்ளை ஒன்று இருந்ததை, அந்தக் கோபம் தணிந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

1991இல் அப்பா ஓய்வு பெற்றார். கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம் அம்மா வழக்கத்தைவிட நெடுநேரம் புளி போட்டுத் தேய்த்தாள். முப்பது வருடம் தேய்த்ததில் கோபுரத்தின் உச்சி மழுங்கிப்போயிருந்தது. அதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கேட்டுப் பார்க்கலாமே என்று அவளுக்கு ஒரு நப்பாசை. அப்பா கேட்கவில்லை. மறுநாள் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் எழுத்தரின் மேஜையில் வைத்தார். நானும் கூடப் போயிருந்தேன். பதிவேட்டில் எழுத்தர் எழுதியது இவ்வளவுதான்: வில்லை, பித்தளை, ஒன்று, நல்ல நிலையில் பெறப்பட்டது. அப்பா அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

வில்லையை அணிந்தவரால் அதைப் படிக்க முடியாது. எழுத்துகள் எப்போதும் எதிரே நிற்பவரைப் பார்த்தே இருக்கின்றன. அது அவருக்காகத்தான். உங்கள் மார்பிலோ தோளிலோ மேஜையிலோ கதவிலோ ஒரு சின்னம் இருக்குமானால், அதைத் திருப்பிக் கொடுக்கும் பதிவேடும் எங்கோ ஒரு மேஜையில் இருக்கிறது. நல்ல நிலையில் பெறப்பட்டது என்று ஒருவர் எழுதும்படி அதைத் திருப்பிக் கொடுங்கள்.