ஐயமும் அறமும் – பொய்ப் பட்டியல் குறித்த ஒரு நோக்கு

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக மலையேறிச் செல்வோர், ஹோட்டன் சமவெளியை அண்டிய மலைச்சரிவுகளில் அக்கரப்பத்தனையின் தேயிலைத் தோட்டங்களைக் காண்பர். அத்தோட்டங்களில் ஒரு நாளின் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி உண்டு. அரைப்பேர் விழுந்தால் அரைக்கூலி. விழாவிடின், மழையில் நனைந்து கொழுந்தெடுத்த கைக்கு ஒன்றுமில்லை. தாம் எழுதாத ஏடொன்றில் பிறர் எழுதும் எழுத்தே தம் வாழ்வை நிர்ணயிக்கும் என்பதைப் பல தலைமுறைகளாக அறிந்த மக்கள் அவர்கள்.

இன்று அதே லயத்து வீடுகளுக்குள் வேறொரு வகை எழுத்தும் நுழைந்துள்ளது. வெளிநாட்டிலிருந்து வந்த பொதி தடுத்து வைக்கப்பட்டுள்ளது, சிறு கட்டணம் செலுத்துக என்கிறது ஒரு குறுஞ்செய்தி. வங்கிக் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், கடவுச்சொல்லை உடனே அனுப்புக என்கிறது ஒரு மின்னஞ்சல். தோட்டத்துப் பிள்ளைகள் கணக்கெழுதும் கொழும்பு நிறுவனங்களுக்கோ, வாங்காத பொருளுக்கு விலை கேட்டுப் பட்டியல்கள் வருகின்றன. வழக்கமான வழங்குநரின் பெயரில், வங்கிக் கணக்கிலக்கம் மட்டும் மாறிய பட்டியல்களும் வருகின்றன. இவற்றை இனங்காணுதல் தொழில்நுட்பம் சார்ந்த விடயம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் அதன் அடியில் ஓர் அறவியல் வினா உள்ளது. பிறரை நம்புதல் நற்பண்பு எனக் கற்பிக்கப்பட்ட மனிதன், வரும் ஒவ்வொரு கடிதத்தையும் ஐயுறல் வேண்டுமா? ஐயுறுதல் அறமாகுமா?

இவ்வினாவுக்கு விடை காணத் தமிழ்ச் சிந்தனை மரபில் தக்க கருவிகள் உண்டு. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் அறிவின் வாயில்களாகச் சைவ சித்தாந்தம் கொள்கின்றது. மனிதன் அறிந்தவற்றுள் பெரும்பகுதி உரையால் வந்ததே. தன் பிறந்த நாளைக்கூட அவன் பிறர் சொல்லக் கேட்டே அறிகின்றான். ஆதலின் உரையை முற்றாக மறுத்து வாழ்தல் எவர்க்கும் இயலாது. ஆனால் உரை அளவையாவது, உரைப்போன் நம்பத்தக்கவனாய் இருக்கும்போது மட்டுமே. மோசடிக்காரன் தாக்குவது இந்த இடத்தையே. அவன் புதுப் பொய் எதனையும் புனைவதில்லை. நம்பத்தக்கவன் ஒருவனின் பெயரைத் திருடிக்கொண்டு பேசுகின்றான். எனவே பொய்ப் பட்டியலால் ஏமாற்றப்படுவோர் இருவர்: பணம் இழந்தவர் ஒருவர், தம் நற்பெயரை அறியாமலே இழந்தவர் மற்றவர்.

இதே பொறியில் வீழ்ந்த மன்னன் ஒருவனைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. பாண்டியனுக்குச் செய்தி கொணர்ந்தவன் அயலான் அல்லன், அரண்மனைப் பொற்கொல்லன். வந்த நேரமோ, ஊடிய தேவியின் மனையை நோக்கி மன்னன் விரைந்துகொண்டிருந்த நேரம். தெரிந்த முகம், அவசரம், உடன் நிறைவேற்ற வேண்டிய ஆணை ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கு கூடின. இன்றைய மோசடிக் கடிதங்களின் இலக்கணமும் இம்மூன்றே. தேவியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தன. ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்கும் நேரமே உண்மைக்குத் தேவைப்பட்டது. அந்நேரம் கோவலன் உயிரோடிருக்கையில் செலவிடப்படவில்லை. அவன் இறந்த பின்னரே செலவிடப்பட்டது. மன்னனின் குற்றம் பொற்கொல்லனை நம்பியதன்று, ஆராயாது ஆணையிட்டதே.

இதற்கு மறுதலையான காட்சி பெரியபுராணத்தில் உண்டு. சுந்தரரின் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் ஓலையொன்றைக் காட்டி, சுந்தரர் தமக்கு அடிமை என வழக்கிடுகின்றார். வெகுண்ட சுந்தரர் அதனைப் பறித்துக் கிழிக்கின்றார். கிழிந்தது படியோலையே என்று கூறிய முதியவர், திருவெண்ணெய்நல்லூர் அவையின் முன் மூல ஓலையை நீட்டுகின்றார். அவையினர் முதியவரின் தோற்றத்துக்கும் பணியவில்லை, மணமகனின் சினத்துக்கும் பணியவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் கொணர்வித்து, இரு கையெழுத்துக்களையும் ஒப்பு நோக்கிய பின்னரே தீர்ப்பளிக்கின்றனர். வழக்கிட்டு வந்தவர் இறைவனே என்பது பின்னர்ப் புலனாகின்றது. இறைவனின் ஓலையும் ஒப்பு நோக்கப்பட்டது. அதனால் அவருக்கு இழுக்கு நேர்ந்ததாக எவரும் கருதவில்லை. சரிபார்த்தல் அவமதிப்பன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் நடைமுறை வாழ்வில் சரிபார்த்தல் அவமதிப்பாகவே கொள்ளப்பட்டு வந்தது. மலையகத்தின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 'துண்டு' என்னும் முறை அங்கு நெடுங்காலம் நிலவியது. குறித்த தொகையைச் செலுத்தினால் இன்ன கங்காணியின் ஆட்களை விடுவிக்கலாம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அதனை ஏந்திக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்தில் பணம் பெறுவான். ஆட்களும் கடனும் ஒருங்கே இடம் பெயர்வர். சீட்டிலிருந்த தொகையில் தாம் வாங்கியது எவ்வளவு, கங்காணி வாங்கியது எவ்வளவு என்பதைத் தொழிலாளர் அறியார். வாசிக்கத் தெரியாமை அதற்கு ஒரு காரணம். கேட்கக்கூடாமை அதனினும் பெரிய காரணம். கணக்கைக் கேட்பவன் எதிர்த்துப் பேசுபவன் எனப்பட்டான். 1921ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்னும் மனப்பாங்கை எந்தச் சட்டத்தாலும் ஒரே நாளில் ஒழித்தல் இயலாது. கொழுந்து நிறுக்கையில் கழிக்கப்படும் கிலோவைப் பற்றி வினவத் தயங்கும் பெண்ணிடத்து அம்மனப்பாங்கு இன்றும் உயிர்வாழ்கின்றது.

அதே மனப்பாங்கு குளிரூட்டிய அலுவலகங்களிலும் உண்டு. "இது இரகசியம், எவரிடமும் கூறாது இத்தொகையை உடன் அனுப்புக" என முகாமையாளரின் பெயரில் மின்னஞ்சல் வருகின்றது. கணக்காளர் ஐயுறுகின்றார், ஆனால் முகாமையாளரிடம் சென்று கேட்க அஞ்சுகின்றார். மோசடிக்காரனின் மூலதனம் இந்த அச்சமே. கீழுள்ளோர் கேள்வி கேட்கக்கூடாத இடம் எதுவோ, அதுவே பொய்ப் பட்டியலுக்கு உகந்த விளைநிலம்.

கல்வியும் செல்வமும் மட்டும் இதற்குக் காப்பாகா. 2013 முதல் 2015 வரை, தாய்வான் நாட்டுக் கணினி உற்பத்தி நிறுவனமொன்றின் பெயரிலேயே லத்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்த லித்துவேனியர் ஒருவர், பொய்ப் பட்டியல்களாலும் போலி ஒப்பந்தங்களாலும் கூகிள், பேஸ்புக் ஆகியவற்றிடமிருந்து 120 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையைப் பெற்றார். 2019இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உலகின் தகவலையெல்லாம் கையாளும் நிறுவனங்களே, பணம் கேட்பவன் யாரென ஆராயத் தவறின.

இதற்கு மாறாக, ஒரு வினாவின் ஆற்றலைக் காட்டும் நிகழ்ச்சி இலங்கையோடு தொடர்புற்றது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து பணம் மாற்றுமாறு பொய்க் கட்டளைகள் அனுப்பப்பட்டன. அவற்றுள் 20 மில்லியன் டொலர் இலங்கை அமைப்பொன்றுக்கு உரியதெனக் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வமைப்பின் பெயரில் ஒரு சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தமை கண்டு இடைநிலை வங்கியொன்று விளக்கம் கேட்டது, அத்தொகை தப்பியது. கேள்வியின்றிப் பிலிப்பைன்சை அடைந்த 81 மில்லியன் டொலரிற் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று.

எனினும் எழுத்துப்பிழையை நம்பியிருக்கும் காலம் கழிந்துவிட்டது. இன்று இயந்திரங்களே பிழையற்ற தமிழில் கடிதம் எழுதவல்லன. ஆகையால் ஆராய வேண்டியது கடிதத்தின் அழகையன்று, அது வந்த வழியை. அனுப்பியவரின் பெயரை மட்டுமன்றி, முகவரியை எழுத்தெழுத்தாக நோக்குதல். பட்டியலைக் கொள்வனவுக் கட்டளையோடும் பொருள் பெற்ற பதிவோடும் ஒப்பிடுதல். கணக்கிலக்கம் மாறியதெனின், கடிதத்திலுள்ள எண்ணையன்றி முன்பே அறிந்த எண்ணை அழைத்து வினவுதல். ஒருவர் எழுதிய கட்டளையை மற்றொருவர் பார்த்த பின்னரே பணம் அனுப்புதல். கடவுச்சொல்லை எவர் கேட்பினும் கொடாதிருத்தல் ஆகியன அவ்வாராய்ச்சியின் படிகள். மூல ஓலையைக் கேட்ட அவையினர் செய்ததும் இதுவே.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். விழிப்பை வற்புறுத்துதல் ஏமாந்தவர்மீது பழி சுமத்துவதாகாதா என்பதே அது. ஆகாது. குற்றம் ஏமாற்றியவனுடையதே, இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் தண்டிப்பது அத்தகையோரையே. மேலும் ஆராயும் கடமை எல்லோர்க்கும் ஒரே அளவினதன்று. ஏடும் அதிகாரமும் உடையோர்க்கு அது மிகுதி. மொழியறியாத சீட்டைக் கையிற் பெற்ற தொழிலாளிக்குக் குறைவு. ஏமாந்தவரை எள்ளி நகையாடும் சமூகம் அவரை வாய்மூடச் செய்கின்றது; அவர் மௌனத்தால் அடுத்தவரும் ஏமாறுகின்றார். எள்ளாது கேட்டறியும் சமூகத்தில் ஒருவரின் இழப்பு பலர்க்கு எச்சரிக்கையாகும்.

ஆகவே ஐயம் நம்பிக்கையின் பகையன்று. மனிதரை ஐயுறுதல் வேறு. மனிதரின் பெயரில் வந்த தாளை ஐயுறுதல் வேறு. முன்னது உறவை முறிக்கும். பின்னது உறவைக் காக்கும். "இது தாங்கள் அனுப்பியதுதானா?" என வினவுபவர், வினவப்படுபவரின் பெயரையும் காக்கின்றார். அவ்வினாவைப் பொறுமையோடு ஏற்றல் மேலுள்ளோரின் அறம். அஞ்சாது கேட்டல் கீழுள்ளோரின் உரிமை. அக்கரப்பத்தனையின் தொழிலாளி "என் பேர் ஏன் அரைப்பேராயிற்று?" என்று தலைநிமிர்ந்து கேட்கவும், அதற்கு ஏட்டைத் திறந்து காட்டி விடையளிக்கப்படவும் வேண்டும். தோட்டத்தில் அது பழக்கமாகுமாயின், அவர் பிள்ளை நாளை அலுவலக மேசையில் பொய்ப் பட்டியலொன்றைக் கண்டவுடன் எழுந்து சென்று கேட்கத் தயங்கமாட்டார்.