வாயில் காப்போன் கடன்

செஞ்சி நகரை அணுகுவார்க்கு முதற்கண் புலனாவன இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் குன்றங்கள் மூன்றும், அவற்றை ஒருங்கே வளைத்து நிற்கும் நெடுமதிலுமாம். நாயக்கர், பீசப்பூர்ச் சுல்தானியர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறிய இக்கோட்டை, 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக யுனெசுகோவின் உலக மரபுச் சின்ன வரிசையிற் சேர்க்கப்பெற்றது. ஏனைய பதினொன்றும் மகாராட்டிரத்தன. தமிழ்நாட்டில் உள்ளது இஃதொன்றே.

இக்கோட்டையின் வரலாற்றில் ஆராயத்தக்க செய்தி ஒன்றுண்டு. மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1690-இல் இதனை முற்றுகையிட்டான், கைப்பற்றியது 1698-இல். அதற்குள் உள்ளிருந்த மராட்டிய மன்னன் இராசாராம் தப்பிச் சென்றனன். தளபதி பகைவனோடு உள்ளுறவு கொண்டே காலம் நீட்டினான் என்னும் ஐயம் அவன்மேல் எழுந்தது. அவுரங்கசீப்பின் மைந்தன் காம்பக்சு என்பானும், பகைவரோடு மறைவிற் பேசினான் என்று தன் படைத்தலைவராலேயே காவலில் வைக்கப்பட்டான். எட்டாண்டு நின்ற இக்கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி புசி 1750-இல் ஓரிரவிற் கைக்கொண்டான். மதில் அன்றும் அதுவே, மலையும் அதுவே. வேறுபட்டது, காக்கவும் தாக்கவும் நிறுத்தப்பட்டோர் தன்மையே. ஆகலின் அரண் என்பது கல்லால் மட்டும் அமைவதன்று. அதன்கண் யாரை நிறுத்துவது என்னும் தெரிவினாலும் அமைவதாம்.

இனி, கல்லால் ஆகாத அரண் ஒன்று இக்காலத்து உண்டு. 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தால் அமைந்த தேசிய மனித உரிமைகள் ஆணையம் அது. அதன் முதற்றலைவராக இருந்தவர் நீதியரசர் இரங்கநாத் மிசுரா. காவலில் அடிபட்டு இறந்தோர், கூலியின்றி உழைப்பிக்கப்பட்டோர், அலுவலர் கையால் அல்லலுற்றோர் ஆகியோர்தம் முறையீட்டைக் கேட்டு ஆராய்தல் அதன் தொழில். ஆராய்ந்து முடித்தபின் அது செய்யக்கூடியது யாதெனின், அரசுக்குப் பரிந்துரைத்தலே. தண்டிக்கும் கோல் அதனிடம் இல்லை. வாளுடையான் சொல், சொல்வான் தன்மையை நோக்காமலும் அஞ்சப்படும். வாளில்லான் சொல்லோ, சொல்வான்மீது உலகிற்குள்ள நம்பிக்கையினாலன்றி நில்லாது. எனவே, பிற பதவிகட்கு ஆள் தெரிதலினும் இப்பதவிக்கு ஆள் தெரிதல் பன்மடங்கு அருமையுடைத்து.

இது தில்லியிலுள்ளார் ஆராயவேண்டிய செய்தி, செஞ்சியிலுள்ளார்க்கு என்னை எனின், கூறுதும். செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களின் ஒதுக்குப்புறங்களில் இருளர் குடியினர் வாழ்கின்றனர். முன்பணம் பெற்றமை காரணமாகச் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தோர் இக்குடியிற் பலர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே பிறந்தது. அச்சட்டம் நாடெங்கும் செவ்வனே நடைபெறுகின்றதா என மேற்பார்க்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் 1997-இல் இவ்வாணையத்தினிடமே ஒப்படைத்தது. ஆதலின், ஆணையத்தின் தலைமையிருக்கையில் அமர்வார் யார் என்பது சூளையருகே குடிசையிற் கிடக்கும் ஒருவனுக்கே மிகப் பெரிய செய்தி. வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையினரால் மலைவாழ் மக்கள் உற்ற துன்பத்தை நீதியரசர் சதாசிவா தலைமையிற் குழு அமைத்து ஆராய்வித்து, 2007-இல் எண்பத்தொன்பதின்மர்க்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் வழங்கச் செய்ததும் இவ்வாணையமே. காலம் மிகத் தாழ்த்த உதவியாயினும், அதுவும் இல்லாதொழியின் அம்மக்கட்குப் பிறிதோர் அரண் யாது?

ஆணையத் தலைவரையும் உறுப்பினரையும் தெரிவோர் அறுவர். தலைமை அமைச்சர், உள்துறை அமைச்சர், மக்களவைத் தலைவர், மாநிலங்களவைத் துணைத் தலைவர், ஈரவைகளின் எதிர்க்கட்சித் தலைவர் இருவர் ஆகிய இவர் கூடிப் பரிந்துரைப்பக் குடியரசுத் தலைவர் நியமிப்பர். முன்னர் உச்ச நீதிமன்றத்துத் தலைமை நீதிபதியாய் இருந்தவரே தலைவராதற்குரியர் என்றிருந்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம், அம்மன்றத்து நீதிபதியாய் இருந்தவர் எவரும் ஆகலாம் என விரித்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை மூன்றாண்டாகக் குறைத்தது. மனித உரிமை பற்றிய அறிவும் பட்டறிவும் உடைய உறுப்பினர் மூவர் வேண்டும், அவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும் என்றது. யார் தெரிவது, யாரிலிருந்து தெரிவது என இரண்டும் கூறிய சட்டம், எவ்வாறு தெரிவது என்பதை மட்டும் கூறாது விட்டது. இடர் முழுவதும் அவ்விடைவெளியிலேயே கிடக்கின்றது.

2024 சூன் தொடக்கத்தில் நீதியரசர் அருண் மிசுராவின் காலம் முடிந்தபின், முழுநேரத் தலைவரின்றியே ஏறத்தாழ ஏழு திங்கள் கழிந்தன. அவ்வாண்டு திசம்பரில் தெரிவுக்குழு கூடிற்று. மன்னார்குடியிற் பிறந்தவரும், உச்ச நீதிமன்றத்து நீதிபதியாய் இருந்து ஓய்வு பெற்றவருமாகிய நீதியரசர் வெ. இராமசுப்பிரமணியன் தலைவராக நியமிக்கப்பெற்றார். எதிர்க்கட்சித் தலைவர் இருவராகிய கார்கேயும் இராகுல் காந்தியும் மாறுபாட்டுக் குறிப்பு எழுதினர். நீதியரசர் ரோகிந்தன் நாரிமன், நீதியரசர் கே. எம். சோசப் ஆகிய இருவர் பெயரையும் அவர் தலைமைக்கு மொழிந்திருந்தனர். முடிவு முன்னரே செய்யப்பட்டதென்பதும், கலந்தாய்தல் நிகழ்ந்திலது என்பதும், வட்டாரம் குலம் சமயம் என்பவற்றின் சமநிலை நோக்கப்பட்டிலது என்பதும் அவர்தம் குறை. நியமிக்கப்பெற்றவர்தம் தகுதி ஈண்டு ஆராய்ச்சிப் பொருளன்று. தக்கார் ஒருவரே தெரியப்பட்டாரேனும், தெரிந்த முறை மறைவாயிருப்பின், அத்தக்காரும் வேண்டாததோர் ஐயத்தைச் சுமந்தே இருக்கையில் ஏறவேண்டியவராவர் என்பதே கருதத்தக்கது.

ஈண்டுச் சைவர் உள்ளத்தே ஒரு தடை எழும். உயர்நிலை எய்திய சான்றோர் ஒருவரை நிறுத்தி வைத்து, 'நீ தக்கவனோ' என்று வினாவி அளந்து பார்த்தல் அறமாகுமோ? வேடத்தையே மெய்ப்பொருளெனக் கொண்டு உயிர் கொடுத்த நாயனார் வழியினர்க்கு ஐயுறுதல் தகுமோ? செஞ்சிக்குத் தென்மேற்கே பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருக்கோவலூரில் அரசிருந்தவர் மெய்ப்பொருள் நாயனார். போரில் தோற்ற முத்தநாதன் திருநீறு பூசி, புத்தகச் சுவடிக்கட்டினுட் குறுவாளை மறைத்து வந்தான். வேடங் கண்டு தொழுத நாயனார் அவன் வாளால் வீழ்ந்தார். வீழ்ந்தும் அவனை ஊரார் கொல்லாவாறு காத்து எல்லை கடத்துவித்தார். இதனினும் உயர்ந்த அன்பு யாது?

இதனினும் உயர்ந்தது இல்லை என்பது உண்மையே. ஆயினும், அந்நாயனார் ஈந்தது தம்முயிர் என்பதை மறத்தலாகாது. தம்முயிரை வேடத்தின்பொருட்டு ஈதற்கு அவர் உரியர். பிறர் உயிரை அங்ஙனம் ஈதற்கு எவரும் உரியரல்லர். அதே வரலாற்றில் வாயிற்காவலன் தத்தன் என்பான் ஒருவன் உளன். முன்வாயில்களில் நின்றோர் வேடங் கண்ட அளவில் வழி விட்டனர். கடைவாயிலில் நின்ற தத்தனோ, 'அரசர் துயில்கின்றார், காலம் அறிந்து செல்க' என்று தடுத்தான். பொய்வேடத்தான் அவனையும் மீறிப் புகுந்தான் என்பது வேறு. ஆனால் தடுத்தமைக்காகத் தத்தனை அன்பிலான் என்று எவரும் இகழ்ந்திலர். எல்லை கடத்தும் பொறுப்பை நாயனார் அவனிடமே ஒப்பித்தார். தெரிவுக்குழுவில் அமரும் அறுவரும் நிற்பது மெய்ப்பொருளார் நிலையிலன்று, தத்தன் நிலையில். அவர் வழிவிடும் ஒருவன் பொய்யனாயின், குறுவாள் பாய்வது அவர் மார்பிலன்று. சூளையிற் கிடப்பான் மார்பில்.

இனி, ஆராய்தல் பெரியோரை இழிவுபடுத்துமோ எனின், அதற்கு விடை செஞ்சிக்குத் தெற்கேயுள்ள திருவெண்ணெய்நல்லூரிற் கிடைக்கும். புத்தூரில் நம்பியாரூரர் மணப்பந்தரிற் கிழவேதியர் ஒருவர் புகுந்து, 'இவன் எனக்கு அடிமை' என்று வழக்குத் தொடுத்தார். வேதியர் வேதியர்க்கு அடிமையாதல் கேட்டறியாதது என்பது ஆரூரர் மறுப்பு. ஓலையொன்றைப் பறித்துக் கிழித்தும் விட்டார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவ்வவையின் நிலையை எண்ணுக. ஒருபால் நரசிங்கமுனையரையர் என்னும் அரசர் மகன்மை கொண்டு வளர்த்த செல்வ இளைஞர், மணக்கோலத்தினர். ஒருபால் தண்டூன்றி நிற்கும் துணையில்லாத முதியவர். அவையோர் இளைஞர்தம் செல்வாக்கிற்கும் அஞ்சிலர். முதியவர்தம் வேடத்திற்கும் மயங்கிலர். வழங்கிவரும் ஆட்சி, எழுதிய ஆவணம், கண்ட அயலார் சான்று என்னும் மூன்றனுள் ஒன்று காட்டுக என்றனர். கிழிந்தது படியே, மூலவோலை உளது. இவன் மீண்டும் கிழியாவாறு காக்க வல்லீரேற் காட்டுவேன் என்றார் முதியவர். அவையோர் அவ்வுறுதி தந்தனர். அதன்பின்னரே ஓலை வெளிப்பட்டது. கரணத்தான் படித்தான். ஆரூரர்தம் பாட்டனார் கையெழுத்துடைய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, எழுத்தோடு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புரைத்தனர்.

முதியவராய் வந்தவர் யாரென்பதைச் சைவருலகம் அறியும். எல்லாவுயிரையும் உடைய முதல்வனே, ஓர் ஊரவைமுன் நின்று, ஆவணங் காட்டி, கையெழுத்து ஒப்பிடப்படும் வரை காத்திருந்தான். அவ்வாராய்ச்சி அவனுக்கு இழிவாயிற்றில்லை. அவன் ஆராய்ச்சிக்கு உட்பட்டிருக்க, ஓய்வுபெற்ற நீதிபதியோ அலுவலரோ உட்படலாகாது என்பார் கூற்று வியப்பைத் தருவதாம். முறையிடுவோன் அஞ்சாது ஆவணங் காட்டுதற்கு அவையே முன்னர்க் காவல் தந்ததும் நினைத்தற்குரியது. மனித உரிமை அவை ஒன்று முதற்கண் செய்யவேண்டியதும் அதுவே.

அவ்வழக்கில் மற்றொரு நுட்பமும் உளது. 'இவன் என் ஆள்' என்று ஓருயிரைச் சுட்டிச் சொல்லும் உரிமை சித்தாந்தப்படி பதி ஒருவனுக்கே உரியது. பசுக்கள் யாவும் அவன் உடைமை. ஒரு பசு பிறிதொரு பசுவை உடைமையாகக் கொள்ளுதல் இறைவன் உரிமையைக் கவர்தலாய் முடியும். கொத்தடிமையாக ஒருவனைக் கட்டிவைப்பானும், காவற்கூடத்தில் ஒருவன் உடலைத் தன் விருப்பிற்குரியதாகக் கொள்வானும் செய்வது அதுவே. பழவினையால் ஒருவன் துன்புறின், அதனை நீக்க ஆணையம் எதற்கு என்பாரும் உளர். துன்புறுவான் நுகர்வது பழவினையாகலாம். துன்புறுத்துவான் ஈட்டுவது புதுவினை. அதனைத் தடுத்தல் துன்புறுத்துவானுக்கும் உதவியே. பிறர் துன்பத்தை வினையென்று சொல்லித் தான் வாளாவிருப்பவன், தன் பசியை மட்டும் வினையென்று விட்டிருத்தலைக் காண்டல் அரிது.

எனின், அளக்கும் முறை யாது? சிவஞான சித்தியார் சுபக்கம் அளவை கூறியே தொடங்குகின்றது. பதியைப் பற்றிய ஆராய்ச்சிக்கே அளவை முன்வைக்கப்படுமாயின், பதவியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அது வேண்டாவாமோ? காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் இங்கும் பயன்படும். ஒருவர் எழுதிய தீர்ப்புகளும் பிறப்பித்த ஆணைகளும் காட்சி. ஐயமும் திரிபும் நீங்க அவற்றை முழுமையாகப் படித்தல் வேண்டும். ஆள்வோரே எதிர்வழக்காடியாய் நின்ற காலத்து அவர் நடந்தவாற்றினின்று, இனி நடக்குமாற்றை உய்த்துணர்தல் கருதல். மூன்றாவதாகிய உரையிலேதான் பெரும்பாலும் பிழை நேர்கின்றது. உரையளவையின் வலி உரைப்போன் குற்றமின்மையிற் கிடப்பது. பதவியிலுள்ளார் பதவியிலுள்ளாரைப் புகழ்ந்துரைப்பது உரையளவையாகாது. முறையிட்டுச் சென்றவன், கேட்கப்பட்டேனா இலனா என்று கூறுவதே ஈண்டு மெய்யுரை.

நியமனமும் ஆராயப்படும் என்பதை உச்ச நீதிமன்றமே ஒருகாற் காட்டியுள்ளது. 2010-இல் பி. ஜே. தாமசு நடுவண் கண்காணிப்பு ஆணையராக நியமிக்கப்பெற்றார். பாமாயில் இறக்குமதி பற்றிய வழக்கொன்றில் அவர்மேற் குற்றப்பத்திரிகை நிலுவையில் இருந்தது. மூவர் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் சுசுமா சுவராசு மறுத்தும் ஏனையிருவர் பரிந்துரைத்தனர். 2011 மார்ச்சு 3-ஆம் நாள் அந்நியமனம் செல்லாதெனத் தீர்க்கப்பட்டது. நோக்கவேண்டியது தனிமனிதர் நேர்மை மட்டுமன்று, அவர் அமரும் நிறுவனத்தின் நேர்மையும் ஆம் என்பது அத்தீர்ப்பின் உயிர். மறுப்பவர் தம் காரணத்தை எழுதவேண்டும். பெரும்பான்மையோர் அம்மறுப்பைத் தள்ளுவதற்குரிய காரணத்தைத் தாமும் எழுதவேண்டும் என்றும் அது விதித்தது. தலையெண்ணிக்கையால் வெல்வது எளிது; காரணம் எழுதுவது அரிது. அரியதைச் செய்யும்படி கேட்டதே அத்தீர்ப்பின் அழகு.

எதிர்க்கட்சியினர் கூறிய சமநிலை பற்றியும் ஒரு சொல். குலமும் வட்டாரமும் எண்ணித் தகுதியை விடுதல் தவறென்பர் சிலர். துன்புற்ற குடியின் மொழியும் வாழ்வும் அறிதலும் இப்பதவிக்குத் தகுதியே என்பதை அவர் மறந்தனர். 1993-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்ற பாரிசு நெறிகளும் இத்தகைய அமைப்பிற் பல்வகையோர் இடம் பெறுதலை வேண்டுவன. உலகக் கூட்டமைப்பு 2016-இலும், மீண்டும் 2023, 2024 ஆண்டுகளிலும் இந்திய ஆணையத்தின் தரமதிப்பை ஒத்திவைத்தமைக்கு, தெரிவுமுறையின் வெளிப்படையின்மையும் பல்வகைமைக் குறைவும் காரணங்களாகக் காட்டப்பட்டவற்றுட் சில. இடையே 2017-இல் முதற்றரம் அளிக்கப்பெற்றது. எனினும், எதிர்க்கட்சியினரும் பெயர்களை மொழிவதோடு அமையாது, அளக்கும் முறையை முன்னரே எழுதிக் கேட்டிருப்பின் அவர் வாதம் இன்னும் வலியுடைத்தாயிருக்கும்.

மூன்றாண்டுக் கணக்கின்படி தலைமையிருக்கை 2027-ஆம் ஆண்டு முடிவில் மீண்டும் ஒழியும். அதற்குச் சில திங்கள் முன்னரே விண்ணப்பிக்க அறிவித்தலும், ஆராயப்படுவோர் பெயரை வெளியிடுதலும், சூளையிலிருந்தும் ஆலையிலிருந்தும் மீட்கப்பட்டோர் அவரைப் பற்றி எழுதியனுப்ப வாய்ப்பளித்தலும், முடிவின் காரணத்தை ஏட்டில் ஏற்றுதலும் எந்தச் சட்டத்தையும் திருத்தாமலே செய்யக்கூடியன. வெண்ணெய்நல்லூர் அவையோர்க்கு எழுத்தோடு எழுத்து ஒப்பிட ஒரு பகற்பொழுது போதியதாயிருந்தது.