கேட்டால் சொல்வேன்!

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரி விளம்பரப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கிழக்குப் பார்த்த வாசல், கார் பார்க்கிங், பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே என்று வரிசையாகப் போய், கடைசியில் ஒரு வாசகம் நிற்கும். 'உரிமையாளர் நேரடி விற்பனை. புரோக்கர்கள் தவிர்க்கவும்.'

நியாயம்தான். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு ஒரு பர்சென்ட் கமிஷன் என்றாலே ஒரு லட்சம். வில்லங்கத்தை இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் பார்த்துவிடலாம். பட்டாவும் அப்படியே. பத்திரம் எழுத டாக்குமென்ட் ரைட்டர் இருக்கிறார். நடுவில் இன்னொருவர் எதற்கு?

ஆனால், அந்தக் கமிஷனுக்குப் புரோக்கர் செய்கிற வேலைகளில் ஒன்று எந்த ரசீதிலும் வராது. நமக்குப் பதிலாக அவர் பேசுவார். "தண்ணியா? அள்ள அள்ளக் குறையாது சார்!", "மழைக்கு ஒரு சொட்டு நிக்காதும்மா, நான் கியாரன்ட்டி!" நாம் பக்கத்தில் நின்று ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்போம். நாம் எதுவும் சொல்லவில்லையே! (உள்ளதை உள்ளபடி சொல்கிற புரோக்கர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம்தான் சீக்கிரம் மாற்றிவிடுகிறோம்.)

அவரை எடுத்துவிட்டால், கேள்வி நேராக நம் முகத்துக்கு வருகிறது.

எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு வந்தது. வேளச்சேரியில் அவர் அப்பா கட்டிய வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஹாலில் இடுப்பளவு தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி முழங்கால் வரை. அப்பா போன பிறகு, அவரும் தங்கையும் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். பெயின்டர் வந்து பட்டி பார்த்து, ரெண்டு கோட் அடித்தார். சுவரில் இருந்த தண்ணீர்க் கோடு போயே போச்சு.

"யாராவது கேட்டா மறைக்காம சொல்லிடுவேன். கேக்கலைன்னா?" என்றார் என்னிடம்.

இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் வயது தாண்டிவிட்டது. கி.மு. 44-ல் ரோமாபுரி சிசரோ, கடமைகளைப் பற்றித் தன் மகனுக்காக ஒரு நூல் எழுதினார். அதில் ஒருவர் வீட்டை விற்கிறார். பார்க்க நல்ல வீடு. ஆனால் குடியிருந்தால் உடம்புக்கு ஆகாது. மரமெல்லாம் உளுத்துப்போயிருக்கிறது. படுக்கையறைகளில் பாம்பு வேறு! இதெல்லாம் சொந்தக்காரருக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வேண்டுமா?

இரண்டு தத்துவ ஞானிகளை மோதவிடுகிறார் சிசரோ. குரு டயோஜெனிஸ். (பீப்பாய்க்குள் வாழ்ந்தவர் இல்லை, இவர் வேறு. அவருக்கு விற்க வீடே கிடையாது.) சிஷ்யர் ஆன்டிபேட்டர். சொல்லாமல் விற்பது, வழி தெரியாதவனைத் தப்பான பாதையில் போகவிடுவதைவிட மோசம் என்பது சிஷ்யர் கட்சி. குரு லேசுப்பட்டவர் இல்லை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தி வாங்கவைக்கவில்லை. சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு. தன் வீடு மோசம் என்று ஏலக்காரனை விட்டுக் கூவச் சொல்கிற முட்டாள் உண்டா என்கிறார். சிசரோவின் தீர்ப்பு சிஷ்யர் பக்கம்.

நான் பி.காம் படித்தபோது மெர்க்கன்டைல் லா பேப்பரில் 'கேவியட் எம்ப்டார்' என்று ஒரு தத்துவத்தை உருப்போட்டிருக்கிறேன். வாங்குகிறவனே, நீதான் உஷாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். நம்மில் பலர் வீட்டுக்கும் இதுதான் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை! அது 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். மிக்ஸிக்கும் கட்டிலுக்கும் சரி. வீடு, மனைக்கு 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. அதன் 55-வது பிரிவு என்ன சொல்கிறது? சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணமாக விசாரித்தாலும் கண்டுபிடிக்க முடியாதது என்றால், விற்பவரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. (வாங்குகிறவரையும் சும்மா விடவில்லை. விற்பவருக்கே தெரியாமல் அந்தச் சொத்தில் அவருக்குக் கூடுதல் உரிமை இருந்து, அதனால் மதிப்பு கூடும் என்று தெரிந்தால், அதை இவர் சொல்லியாக வேண்டும்.)

'சாதாரணமாக விசாரித்தாலும்' என்ற இடத்தில் ஒரு கெட்டிக்கார வக்கீல் புகுந்துவிடலாம். வேளச்சேரியில் வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியுமே, தெருமுனை டீக்கடையில் கேட்டிருக்கலாமே என்று வாதாடலாம். ஜெயிக்கவும் கூடும்.

ஆனால் நண்பரின் பிரச்னை கோர்ட்டில் இல்லை, பட்டியில் இருக்கிறது. விற்கிற வீட்டுக்கு வெள்ளையடிப்பதில் தப்பே இல்லை. பெண் பார்க்க வரும்போது வீட்டை ஒட்டடை அடிப்பதில்லையா? 'கேட்டால் சொல்வேன்' என்பதும் கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்திருந்தால்தானே ஒருவருக்குக் கேட்கத் தோன்றும்? கேள்வியை நாமே பெயின்ட் அடித்து அழித்துவிட்டு, 'அவர் கேட்கவில்லையே' என்றால் எப்படி சார்? குரு டயோஜெனிஸ்கூட இதற்கு வக்காலத்து வாங்க மாட்டார். சொல்லாமலிருப்பது என்ற எல்லையைத் தாண்டிவிட்டோமே!

இதை நண்பரிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார். தங்கை ஒப்புக்கொள்ளவில்லை.

"அண்ணா, நீ நல்லவனா இருக்கறதுக்கு என் பங்குலேர்ந்து எதுக்குக் கழியணும்?"

பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும் அவருக்கு. சுலபமாக ஒதுக்கித் தள்ள முடியாத கேள்வி. நம் பணத்தை விட்டுக்கொடுத்தால் தர்மம். அடுத்தவர் பணத்தை விட்டுக்கொடுக்க நாம் யார்? சிசரோ சொன்ன வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். கூட்டுப் பங்காளி, தங்கச்சி இதெல்லாம் அங்கே இல்லை.

நண்பர் ஒரு வழி கண்டுபிடித்தார். உண்மையைச் சொல்லிவிடுவது, விலை எவ்வளவு குறைந்தாலும் முழுவதையும் தன் பங்கில் கழித்துக்கொள்வது. கேட்டதும் எனக்குக் கண் கலங்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. அப்படிச் செய்தால் நேர்மை என்பது அண்ணனின் சொந்தப் பொழுதுபோக்கு மாதிரி ஆகிவிடாதா? பத்திரத்தில் தங்கையும்தானே கையெழுத்துப் போடுகிறார்? வெள்ளம் வராத ஒரு வீட்டின் விலையில் பாதி அவருக்கு வர வேண்டும் என்றால், அப்படி ஒரு வீட்டை அவர்கள் அப்பா கட்டவே இல்லை. இல்லாத வீட்டில் எப்படிப் பங்கு பிரிப்பது?

இதை அந்தம்மாவிடம் நேரில் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அண்ணன்தான் சொன்னார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், "சரி, சொல்லித் தொலை" என்று போன் வந்தது.

வீடு பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே நண்பர் சொல்லிவிட்டார். அந்தப் பெண் முகம் மாறவில்லை. ஹாலிலிருந்து மேலே போகும் மாடிப்படியைக் காட்டி, "எத்தனாவது படி வரைக்கும் சார்?" என்று மட்டும் கேட்டார். ஐந்தாவது படி. குனிந்து கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆறு லட்சம் குறைக்கச் சொல்கிறார்கள். மூன்றுக்கு மேல் ஒரு பைசா முடியாது என்கிறார் தங்கை. அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பெண்ணின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு.